சுருக்கெழுத்தருக்குக் குறுக்கிடத் தெரிய வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீதிமன்றச் சுருக்கெழுத்தர் பணி பற்றித் தங்கள் கல்விப் பகுதியில் வந்த குறிப்பைப் படித்தேன். ‘விரல் வேகம் இருந்தால் வேலை உறுதி’ என்றிருந்தது. இந்த வேலையிலேயே தலை நரைத்தவன் என்ற உரிமையில் மறுக்கிறேன்.

வேகம் வேண்டியதுதான். பேச்சைக் கேட்டபடியே பதிக்க நாங்கள் பயன்படுத்தும் ஸ்டெனோடைப் என்ற சுருக்கெழுத்து இயந்திரத்தில் இருப்பவை 22 விசைகளே. பல விசைகளைச் சேர்த்து அழுத்தி, ஓர் அசையையோ முழுச் சொல்லையோ ஒரே அடியில் பதிக்கிறோம். இடக்கை விரல்களுக்குத் தொடக்க ஒலி, கட்டைவிரல்களுக்கு உயிரொலி, வலக்கைக்கு இறுதி ஒலி. இந்த முறையைக் கற்பவர்கள் பலர். வேகம் ஏறாமல் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்று, சலித்துப்போய் விலகுபவர்களும் பலர். அமெரிக்காவின் தேசிய நீதிமன்றச் சுருக்கெழுத்தர் சங்கம் வழங்கும் சான்றிதழுக்கு, கேள்வி-பதிலை நிமிடத்துக்கு 225 சொற்கள் வீதம், 95 விழுக்காடு பிழையின்றி எழுத வேண்டும். தேர்வுக்கு அது போதும். விட்டுப்போன சொற்களில் ஒன்று ‘இல்லை’ என்றிருந்தால் சாட்சியம் என்னவாகும்?

தேர்வில் தெளிவான குரலில் வாசிப்பார்கள். நீதிமன்றத்திலோ இரு வழக்கறிஞர்களும் சாட்சியும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். சாட்சி தலையை மட்டும் ஆட்டுவார். “இவ்வளவு உயரம்” என்று கையைக் காட்டுவார். “ஒவ்வொருவராகப் பேசுங்கள்”, “வாய்விட்டுச் சொல்லுங்கள்” என்று நாம்தான் குறுக்கிட வேண்டும், அடுத்துப் பேசுபவர் நீதிபதியாகவே இருந்தாலும். கூச்சப்பட்டு ஊகித்து எழுதுபவர் தயவுசெய்து வேறு வேலை பார்க்கட்டும். மேல்முறையீட்டை விசாரிப்பவர்கள் பெரும்பாலும் சாட்சியின் முகத்தைப் பார்ப்பதில்லை. நாம் எழுதிய தாள்களைத்தான் படிக்கிறார்கள்.

மொழிப்புலமை உள்ளவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. சாட்சியின் இலக்கணப் பிழையைத் திருத்தக் கை துறுதுறுக்கும். திருத்தவே கூடாது.

பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் வந்துவிட்டதே என்று பெற்றோர் கேட்கிறார்கள். வேலைவாய்ப்பு குறையாது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஒலிப்பதிவையே நம்பும் நீதிமன்றங்கள் ஏற்கெனவே உண்டு. ஆனால் குரல்கள் மோதும்போது விசாரணையை நிறுத்தி, “சற்று முன் சொன்னது கேட்கவில்லை” என்ற மென்பொருளை நான் இதுவரை பார்க்கவில்லை.

பயிற்சிக் கட்டணம் கட்டுவதற்கு முன், திறந்த நீதிமன்றம் ஒன்றில் ஒருநாள் பின்வரிசையில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னார் என்று குறித்துப் பார்க்கும்படி மாணவர்களுக்கு அடுத்த இதழிலாவது எழுதுங்கள். உணவு இடைவேளை வரை தாக்குப்பிடித்தவர்கள் தாராளமாகச் சேரலாம்.

இப்படிக்கு,
நீதிமன்றச் சுருக்கெழுத்தர் ஒருவர்