கிராஸ்மக்ளென் மைதானத்தின் கதை: நியூரியில் இருக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

போனில் நீ கேட்ட கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. பையன் பள்ளித் தோழர்களோடு சேர்ந்து கேலிக் கால்பந்து (பந்தைக் கையாலும் பிடித்து ஆடும் அயர்லாந்துக் கால்பந்து) ஆடப் போக வேண்டும் என்கிறான். உன்னோடு வேலை பார்க்கும் ஒருவர், "அது ஒரு தரப்பாரின் விளையாட்டு, யோசித்துச் செய்" என்றிருக்கிறார். ஐரிஷ் தேசியவாதக் கத்தோலிக்கர்களைத்தான் அவர் ஒரு தரப்பார் என்கிறார். அனுப்பலாமா, வேண்டாமா என்று குழம்பி நிற்கிறாய். வட அயர்லாந்தில் பிள்ளை வளர்க்கும் வேறு தமிழ்க் குடும்பங்களுக்கும் இதே குழப்பம் இருக்கும் என்பதால், எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

என் பதில், அனுப்பு என்பதுதான். காரணத்தைச் சொல்வதற்கு உன் வீட்டிலிருந்து கிட்டத்தட்ட அரை மணி நேரக் கார் பயணத்தில் இருக்கும் ஓர் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அர்மா மாவட்டத்தின் தென்கோடியில், அயர்லாந்துக் குடியரசின் எல்லையை ஒட்டி இருக்கும் கிராஸ்மக்ளென். இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊர். அந்த ஊரின் கிராஸ்மக்ளென் ரேஞ்சர்ஸ் குழு, அயர்லாந்துத் தீவு முழுவதற்குமான குழுக்களின் சாம்பியன் பட்டத்தை ஆறு முறை வென்றிருக்கிறது: 1997, 1999, 2000, 2007, 2011, 2012.

முதலில் இந்த அமைப்பு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள். 1884 நவம்பர் 1 அன்று டிப்பரரியின் தர்லஸ் ஊரில் ஒரு ஹோட்டலில் மைக்கேல் கியூசாக், மாரிஸ் டேவின் முதலியோர் கூடி கேலிக் தடகளச் சங்கத்தைத் தொடங்கினார்கள். சுருக்கமாக ஜி.ஏ.ஏ. மட்டையும் சிறு பந்தும் கொண்டு ஆடும் ஹர்லிங்கும் கேலிக் கால்பந்தும் இதன் இரு பெரிய ஆட்டங்கள். மூன்றே ஆண்டுகளில், 1887இல், கிராஸ்மக்ளென் குழு பிறந்துவிட்டது. பெரும்பாலும் ஒரு கத்தோலிக்கப் பங்குக்கு (ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊர்ப்பகுதிக்கு) ஒரு குழு என்பதுதான் அன்றிலிருந்து கணக்கு. எந்த மண்ணில் வளர்கிறாயோ அந்த மண்ணின் குழுவுக்கு ஆடுகிறாய். நம்மூர்க் கபடிக் குழு பனியனில் ஊர்ப் பெயரைப் போட்டுக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போவதைப் போலத்தான். வித்தியாசம் என்னவென்றால், இங்கே அந்த ஊர்க் குழுவின் பையன் எண்பதாயிரம் பேர் கொள்ளும் டப்ளின் குரோக் பார்க் மைதானம் வரை போகலாம், போய்த் திரும்பி வந்த பிறகும் அவனுக்குச் சம்பளம் கிடையாது. ஆசிரியராகவோ தச்சராகவோ தன் பிழைப்பைத்தான் பார்க்க வேண்டும். வீரர்களை விலைக்கு வாங்கி விற்கும் வழக்கமே இல்லை. எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் மதிப்பு வந்ததற்கு முதல் காரணம் இதுதான்.

1921இல் அயர்லாந்து பிரிந்தபோது கிராஸ்மக்ளென் எல்லைக்கு வடக்கே, பிரிட்டிஷ் ஆட்சிக்குள் விழுந்தது. ஜி.ஏ.ஏ. மட்டும் எல்லையைக் கண்டுகொள்ளாமல் முப்பத்திரண்டு மாவட்டங்களையும் ஒன்றாகவே வைத்துக்கொண்டது. அதனால்தான் அர்மா ஊரொன்று மேயோ ஊரோடு இறுதிப் போட்டியில் மோத முடிகிறது.

1969க்குப் பிறகு வந்த கலவர காலம்தான் இந்தக் குழுவின் வரலாற்றில் நான் அதிகம் நிற்க விரும்பும் இடம். தென் அர்மா அந்தப் போரின் மிகக் கொடிய களங்களுள் ஒன்று. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதமேந்திய ஐ.ஆர்.ஏ. இயக்கத்தின் வலுவான பகுதி அது. அந்த ஊர்த் தெருக்களில் பல இளம் பிரிட்டிஷ் சிப்பாய்கள் இறந்தார்கள். ஊர் மக்களும் துன்பப்பட்டார்கள். 1970களில் ராணுவம் தன் முகாமை விரித்தபோது, பக்கத்திலிருந்த ஆலிவர் பிளங்கெட் மைதானத்தின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது. ஊருக்கு வரும் சாலைகளில் வெடிகுண்டு பயம் இருந்ததால், முகாமுக்குச் சிப்பாய்களும் பொருள்களும் வானம் வழியாகத்தான் வந்தன. ஹெலிகாப்டர்கள் ஆட்டம் நடக்கும் மைதானத்தின் தலைக்கு மேலேயே தாழப் பறந்து இறங்கின.

அந்த மைதானத்தில் ஒரு பயிற்றுநராக நின்று யோசித்துப் பார். ஒரு பக்கம் முள்கம்பியும் காவல் கோபுரமும். மேலே காதைப் பிளக்கும் இரைச்சல். இந்த நிலையில் பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பந்தை மார்போடு அணைத்துப் பிடிக்கக் கற்றுத்தர வேண்டும். குழுவை மூடிவிடலாம், இன்னொரு கிராமத்துக்கு இடம் மாறலாம் என்று யாரும் முடிவெடுத்திருந்தால் குறை சொல்ல முடியாது. அவர்கள் நகரவில்லை. கடிதம் எழுதினார்கள், அரசியல்வாதிகளைப் பார்த்தார்கள், டப்ளின் அரசிடமும் தலைமைச் சங்கத்திடமும் விடாமல் முறையிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை வந்ததும் ஆடினார்கள். எடுத்த நிலம் திரும்பி வந்தது 1999இல், பெரிய வெள்ளி உடன்படிக்கை என்ற சமாதான ஒப்பந்தத்துக்கு அடுத்த ஆண்டு. கால் நூற்றாண்டுப் பொறுமை அது. ஒரு தலைமுறை வீரர்கள் சிறுவர்களாக வந்து, ஆடி, ஓய்வும் பெற்றுவிடும் காலம்.

நிலம் திரும்பிய அதே 1999இல், மார்ச் 17, புனித பேட்ரிக் திருநாளில், அவர்கள் மேயோவின் பாலினா ஸ்டீபனைட்ஸ் குழுவை 0-9க்கு 0-8 என்று ஒரே புள்ளியில் வென்று சாம்பியன் ஆனார்கள். (கோட்டுக்கு முன்னால் இருப்பது கோல், ஒரு கோலுக்கு மூன்று புள்ளி. குறுக்குக் கம்பத்துக்கு மேலே அடித்தால் அன்றைய விதிப்படி ஒரு புள்ளி. பையன் உனக்கு இதை இன்னும் பொறுமையாகச் சொல்லித் தருவான்.) அர்மா மாவட்டப் பட்டத்தை 1996 முதல் 2008 வரை தொடர்ந்து பதிமூன்று ஆண்டுகள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. எந்த ஊர்க் குழுவுக்கும் இது எளிதில் வாய்க்கும் காரியம் கிடையாது.

முதல் மூன்று பட்டங்களின்போது பயிற்றுநராக இருந்தவர் ஜோ கெர்னன், அந்த ஊர்க்காரர். மாவட்ட அணிகளுக்கான 1977 அகில அயர்லாந்து இறுதிப் போட்டியில் அர்மாவுக்காக இரண்டு கோல் அடித்தும் டப்ளினிடம் தோற்றவர். அதுவரை அர்மா அந்தப் பட்டத்தை ஒரு முறைகூட வென்றதில்லை. 2002இல் அவரே அர்மாவின் பயிற்றுநராக இறுதிப் போட்டிக்கு வந்தார். பாதி ஆட்டத்தில் எதிரணியான கெர்ரி மாவட்டம் நான்கு புள்ளி முன்னிலை. கிராஸ்மக்ளென் வீரர் ஒஷீன் மக்கான்வில் ஒரு பெனால்டியைத் தவறவிட்டிருந்தார். உடைமாற்றும் அறையில் கெர்னன், 1977இல் தோற்றவர்களுக்குக் கொடுத்த நினைவுப் பலகையை வீரர்களிடம் காட்டிவிட்டுச் சுவரில் எறிந்து உடைத்தார். இரண்டாம் பாதியில் அதே மக்கான்வில் கோல் அடித்தார். 1-12க்கு 0-14. ஒரு புள்ளியில் அர்மாவின் முதல் பட்டம். மெக்கென்டீ இரட்டைச் சகோதரர்கள், பிரான்சி பெல்யூ என்று அந்த அணியில் கிராஸ்மக்ளென் வாடை பலமாக அடித்தது. இரண்டாவது பட்டத்துக்கு 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதிலும் ரீயன் ஓநீல் என்ற கிராஸ்மக்ளென் இளைஞர் இருந்தார்.

மக்கான்வில்லைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆட்டத்தில் உச்சியில் இருந்த காலத்தில் அவர் சூதாட்ட அடிமையாக இருந்தார். பிறகு சிகிச்சைக்குப் போய், அதை ஒளிக்காமல் ஊரறியப் பேசினார். இன்று அதே துன்பத்தில் இருப்பவர்களுக்கு ஆலோசகராக இருக்கிறார். கோப்பைகளுக்குச் சமமாக இதையும் அந்தக் குழுவின் வரலாற்றில் எழுத வேண்டும் என்பேன்.

இப்போது உன்னிடம் சொல்லப்பட்ட "ஒரு தரப்பார்" என்ற பேச்சுக்கு வருகிறேன். அதில் உண்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்தச் சங்கம் ஐரிஷ் தேசிய உணர்வில் பிறந்தது. 1971 வரை கிரிக்கெட், ரக்பி, சாதாரணக் கால்பந்து ஆகியவற்றை ஆடினாலோ பார்த்தாலோகூட உறுப்பினரை நீக்கும் விதி இருந்தது. விதி 21 என்று ஒன்று பிரிட்டிஷ் ராணுவத்தினரும் வட அயர்லாந்துக் காவலர்களும் உறுப்பினராவதைத் தடுத்தது. அதை நீக்கும் வாக்கெடுப்பு 2001 நவம்பரில் நடந்தபோது, வடக்கின் ஆறு மாவட்டங்களில் டவுண் மட்டுமே நீக்கத்துக்கு ஆதரவாக நின்றது. அர்மா எதிர்த்தது. தங்கள் மைதானத்தின் தலைக்கு மேல் ஹெலிகாப்டர்கள் பறந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோபம் இருந்ததை நான் புரிந்துகொள்கிறேன். ஆனாலும் விதி போனதுதான் சரி என்றே நினைக்கிறேன். இன்று வட அயர்லாந்துக் காவல் துறைக்கே ஒரு கேலிக் கால்பந்து அணி இருக்கிறது. மதத்தைப் பற்றிய தயக்கம் இருந்தால் இதையும் கேட்டுக்கொள்: மாவட்ட அணிகள் உயிரைக் கொடுத்து ஆடுகிற கோப்பைக்குப் பெயர் தந்த சாம் மக்வயர் ஒரு புராட்டஸ்டன்ட்.

நம் நிறத்தைப் பற்றியும் நீ யோசித்திருப்பாய், கேட்கத் தயங்கியிருப்பாய். 2005இல் கார்க் ஹர்லிங் அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பையை வாங்கிய ஷான் ஓக் ஓ ஹால்பினின் தாய் பிஜியைச் சேர்ந்தவர். அந்த மேடையில் அவர் ஐரிஷ் மொழியில்தான் பேசினார். ஈராக்கில் அகதி முகாமில் பிறந்த குர்து இளைஞர் சாக் மொராடி, லீட்ரிம் மாவட்டத்துக்காக ஹர்லிங் ஆடி 2019இல் லோரி மாஹர் என்ற ஹர்லிங் கோப்பையை வென்றார். வெக்ஸ்போர்டின் லீ சின், டப்ளினின் ஜேசன் ஷெர்லாக் இருவரும் ஆசியத் தந்தையரின் பிள்ளைகள். இருவரும் மைதானத்தில் இனவெறி வசைகளைக் கேட்டவர்கள். அதையும் மறைக்காமல் உன்னிடம் சொல்கிறேன். அப்படி ஏதேனும் உன் பையன் காதில் விழுந்தால் பொறுத்துப் போகச் சொல்லாதே. அன்றே பயிற்றுநரிடம் போய்ப் பேசு. கேட்கும் ஆட்கள் அங்கே இருப்பார்கள்.

நீயும் உன் கணவரும் அந்த ஊருக்கு வேலைக்காக வந்தீர்கள். உங்களுக்கு அது வந்த ஊர். பையனுக்கு அது வளரும் ஊர், சொந்த ஊர் எது என்று கேட்டால் அவன் காட்டப்போகும் ஊர். அந்த ஊர்க் குழு எட்டு வயதில் அவனை அழைக்கும்போது அவன் அப்பா பெயர் என்ன, எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்று பார்ப்பதில்லை. எந்தத் தெருவில் இருக்கிறான் என்று பார்க்கிறது. நம் மொழி பேசாத ஒரு நாட்டில் ஒரு குழந்தைக்கு இவ்வளவு நேராகக் கிடைக்கும் உரிமை வேறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடாதே. கோட்டோரம் நில். இரண்டாவது வாரமே யாராவது உன்னிடம் தேநீர் ஊற்றவோ தண்ணீர்ப் பாட்டில்களை எடுத்து வரவோ உதவி கேட்பார்கள். மறுக்காதே. குழுவின் வேலை முழுவதும் அப்படிச் சம்பளமில்லாமல்தான் நடக்கிறது. நூற்று நாற்பது ஆண்டுகளாக நடக்கிறது.

பல் காப்பு ஒன்று வாங்கிவிடு. அது கட்டாயம், இல்லாமல் ஆட்டத்தில் இறக்க மாட்டார்கள். உறுப்பினர் கட்டணத்தையும் இந்த வாரமே கட்டிவிடு, காப்பீடு அதோடு சேர்ந்தது. சின்னவளையும் கேட்டுப் பார், பெண்களுக்கான கேலிக் கால்பந்தும் கமோகி என்ற பெண்கள் ஹர்லிங்கும் இருக்கின்றன. கிராஸ்மக்ளென் மைதானத்தில் என்றைக்காவது இவனுக்கு ஆட்டம் அமைந்தால் எனக்கு முன்கூட்டியே சொல், டப்ளினிலிருந்து நானும் வருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்