கறுப்புத் தாளும் ஜன்னல் இல்லாத வீடும்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலி குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தாய், நல்லது. எனக்குக் கண்ணாடி பவர்தான் மறுபடியும் ஏறிவிட்டது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். உன் வகுப்புப் பையன், 14 வயது, தாள் முழுக்கக் கறுப்பாகத் தீட்டி மூலையில் ஒரு குட்டி உருவத்தை வரைந்திருக்கிறான். பதற்ற நோயா என்று கேட்கிறாய்.

படத்தை வைத்து மட்டும் சொல்ல முடியாது. ஆலோசகராகச் சேர்ந்த புதிதில் ஒரு பெண் ஜன்னலே இல்லாத வீடு வரைந்தாள். 'யாரோடும் ஒட்டாதவள்' என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். ஒரு வாரம் கழித்துப் பேச்சுவாக்கில் கேட்டால், "அது வீட்டோட பின்பக்கம் சார்" என்கிறாள்! இன்றும் நினைத்தால் கூசுகிறது.

என்னைவிடப் பெரியவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். மனித உருவத்தை வரையச் சொல்லி ஆளுமையைக் கணிப்பது பற்றி உளவியலாளர் கேரன் மக்கோவர் 1949இல் ஒரு நூலே எழுதினார். பெரிய கண் போட்டால் சந்தேகப் பிராணி என்கிற மாதிரி விளக்கங்கள் புழக்கத்தில் இருந்தன. 1967இல் உளவியல் ஆய்வாளர்களான சாப்மன் தம்பதியர் படங்களையும் நோய்க்குறிகளையும் சம்பந்தமில்லாமல் ஜோடி சேர்த்து மாணவர்களிடம் நீட்டினார்கள். அந்த மாணவர்களும் 'கண்ணுக்கும் சந்தேகத்துக்கும் தொடர்பு இருக்கிறது' என்றார்கள். நிபுணர்கள் சொல்லிவந்த அதே விளக்கம், ஆதாரமே இல்லாத இடத்தில்!

அதற்காகக் கிரேயானை நான் மூட்டைகட்டவில்லை. "பயமா இருக்கா?" என்றால் "ஒண்ணுமில்ல" என்று முடித்துக்கொள்ளும் பிள்ளை, படத்தில் இருக்கிற ஆளைப் பற்றிக் கேட்டால் வாய் திறக்கும். குழந்தைகள் மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட்டின் கிறுக்கல் விளையாட்டு எனக்குப் பிடிக்கும். நான் ஒரு கோடு கிறுக்குவேன், பிள்ளை அதை எதுவாகவாவது மாற்றும். அப்புறம் அவர்கள் கிறுக்க, நான் மாற்றுவேன். என் ஓவியத் திறமைதான் உனக்குத் தெரியுமே. அதைப் பார்த்ததும் 'எனக்கு வரைய வராது' என்பவர்களும் பென்சிலை எடுத்துவிடுவார்கள்.

பிறகு மூன்று கட்டம் போடச் சொல்வேன்: ஒரு சம்பவம் நடப்பதற்கு முன், நடக்கும்போது, நடந்த பின். கதையில் நான் கவனிப்பது சில விஷயங்கள்தான். அந்த ஆள் எதைத் தவிர்க்கிறான்? உதவிக்கு யாராவது வருகிறார்களா? மூன்றாவது கட்டம் எப்போதும் நாசமாகவே முடிகிறதா? வயிறு பிசைகிறது, தூக்கம் வரவில்லை என்று உடம்பு கதைக்குள் வருகிறதா? இவையும் தீர்ப்பு அல்ல, அடுத்துக் கேட்க வேண்டிய கேள்விகள். பதற்றத்தை அளவிட வேண்டுமென்றால் கேள்விப்பட்டியல் இருக்கிறது. நான் பயன்படுத்தும் 'ஸ்கேர்ட்' (SCARED) என்கிற பட்டியல் 41 கேள்விகள் கொண்டது. கடந்த 3 மாதத்தைப் பற்றிக் கேட்கும். பெற்றோருக்குத் தனிப் படிவம் உண்டு. மொத்த மதிப்பெண் 25ஐத் தொட்டால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். அதுவும் முடிவான நோயறிதல் இல்லை.

ஒன்று மட்டும் மறக்காதே. உயிருக்கு ஆபத்தான பேச்சு வந்தால் ரகசியம் காக்க மாட்டேன் என்பதைப் படம் தொடங்கும் முன்பே நான் சொல்லிவிடுவேன். நீயும் சொல்லிவிடு.

அந்தப் பையனிடம் கறுப்பைப் பற்றி எதுவும் கேட்காதே. "மூலையில் நிற்கிறவர் அடுத்து என்ன செய்யப்போகிறார்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இரு. அவன் சொன்னதை அவன் வார்த்தையிலேயே எழுதி அனுப்பு, பார்க்கிறேன்.

உன் பழைய நண்பன்