பத்து ஏக்கர் குறைந்துபோன குளம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பருவமழை முன்னெச்சரிக்கை ஆய்வுக் கூட்டம் பற்றிய செய்தி சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வந்திருந்தது. மணல் மூட்டை தயார், படகு தயார், முகாம் தயார் என்று வரிசையாகப் போட்டிருந்தீர்கள். எங்கள் குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற மறுகால் எந்தத் துறையின் பொறுப்பு என்பது மட்டும் அதில் இல்லை. 2023 டிசம்பர் 17 ராத்திரி நாங்கள் கேட்டதும் அதே கேள்விதான்.

நான் ஏரலுக்குப் பக்கத்து ஊர்க்காரன். அன்றைய மழையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. எங்கள் மாவட்டத்தில் வருஷம் முழுக்கப் பெய்வதே ஏறக்குறைய அவ்வளவுதான். இந்த மழைக்கு எந்தக் குளமும் தாங்காது என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் சிக்கியதையும் ஏரல் கடைத்தெரு மூழ்கியதையும் நாடே டி.வி.யில் பார்த்தது. டி.வி.யில் வராத ஒரு குளத்தைப் பற்றி எழுதுகிறேன்.

ராத்திரி பத்து மணி இருக்கும். “அண்ணாச்சி, மறுகால்ல தண்ணி இறங்கல, கரைல ஏறுது” என்று பக்கத்து வயல்காரர் வந்து கதவைத் தட்டினார். டார்ச் லைட்டோடு ஓடினோம். மறுகால் ஓடையில் உடைமரம் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. அதற்குக் கீழே, வீட்டுமனை போட்டவர்கள் ஓடைக்குக் குறுக்கே இரண்டு சிமென்ட் குழாயைப் பதித்து, மேலே சரள் கொட்டிப் பாதை போட்டிருந்தார்கள். இருபதடி அகலத்தில் ஓடிய தண்ணீர் அந்த இரண்டு குழாய்க்குள் நுழைந்து போக வேண்டும்! ஓர் அலுவலகத்துக்குப் போன் போட்டோம். “அது யூனியன் குளம், எங்களுது இல்ல.” அடுத்த இடத்தில், “கரைதான் நாங்க பாக்கணும், ஓடைப் புறம்போக்குக்கு ரெவின்யூவக் கேளுங்க.” மூன்றாவது இடத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. விடிவதற்குள் மடையை ஒட்டிக் கரை பிய்த்துக்கொண்டது. குலை தள்ளி நின்ற வாழையெல்லாம் மண்மூடிப் போயிற்று. எங்கள் குளத்துத் தண்ணீர் மொத்தமும் கீழே இருக்கிற பெரிய குளத்தில் போய் விழுந்தது. அது ஏற்கெனவே விளிம்பு தட்டி நின்ற குளம்.

பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். 40 ஹெக்டேர், அதாவது 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள குளங்கள் பொதுப்பணித் துறை வசம் இருந்தவை. 2021 முதல் நீர்வளத் துறை என்று தனித்துறை ஆகிவிட்டது. அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம், அதாவது யூனியன். எங்கள் குளத்துப் பாசனம் 90 ஏக்கர். இன்னும் பத்து ஏக்கர் கூட இருந்திருந்தால் துறையே மாறியிருக்கும். துறை மட்டுமல்ல, சட்டமும் மாறியிருக்கும். குளத்து ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கென்றே தமிழ்நாடு அரசு 2007-இல் தனிச்சட்டம் கொண்டுவந்தது. குளத்தை அளந்து எல்லை குறிக்க வேண்டும், ஆக்கிரமித்தவருக்கு நோட்டீஸ் கொடுத்து அகற்ற வேண்டும் என்கிற நல்ல சட்டம். ஆனால் பொதுப்பணித் துறைப் பொறுப்பில் உள்ள குளங்களுக்கு மட்டும் என்று அதன் முகப்பிலேயே எழுதிவிட்டார்கள். யூனியன் குளம் என்றால் 1905-ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு நடக்க வேண்டும்.

தாமிரபரணி வாய்க்கால்களில் குளங்கள் சங்கிலியாக இருக்கின்றன. மேல்குளத்து மறுகால் தண்ணீர்தான் கீழ்க்குளத்துக்கு வரத்து. மேலே ஒன்று உடைந்தால் கீழே இருப்பது தாங்காது. சங்கிலியில் ஒரு கண்ணிக்கு ஒரு சட்டம், அடுத்த கண்ணிக்கு இன்னொரு சட்டம் என்றால் என்ன கணக்கு? பெரிய துறையிடம் இருந்தாலே குளம் பத்திரம் என்றும் நான் சொல்லவில்லை. கோரம்பள்ளம் குளம் உடைந்ததைத் தூத்துக்குடிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அங்கே யாரைக் கேட்பது என்றாவது தெரியும்.

வெள்ளைக்காரன் காலத்தில் 1858-இல் ஒரு சட்டம் போட்டார்கள், குடிமராமத்துச் சட்டம் என்று சொல்வார்கள். கரை உடையும் ஆபத்து வந்தால் ஊர்த்தலைவர் ஆட்களைக் கூப்பிட வேண்டும், வராதவர்களுக்குத் தண்டனை. உழைக்கும் சாதிக்காரர்களை மட்டும் விரட்டி வேலை வாங்கிய சட்டம். அது திரும்ப வரவேண்டும் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆனாலும் கரை ஆடும்போது கூப்பிட வேண்டியவர் யார் என்பதில் அதற்குச் சந்தேகமே இருந்ததில்லை. 2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குத் தலைவர் கலெக்டர். எல்லாத் துறையும் அவர் சொல்வதைக் கேட்டாக வேண்டும். கடமையைச் செய்யத் தவறும் அதிகாரிக்கு ஓராண்டு வரை சிறை என்றுகூட அதில் இருக்கிறது. இவ்வளவு அதிகாரமும் வெள்ளம் வடிந்த பிறகு நிவாரணப் பட்டியல் எழுதத்தான் பயன்படுகிறது. புரட்டாசியிலேயே கலெக்டர் மூன்று துறைக்காரர்களையும் ஒரே ஜீப்பில் ஏற்றி மறுகால் ஓடை நெடுக நடக்க வைத்தால், அந்த இரண்டு குழாயும் கண்ணில் படாமலா போகும்?

அந்த மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுத்தபோது ஓடையை யாராவது போய்ப் பார்த்தார்களா என்பது தனிக்கதை. ஆற்றோரம் எதுவரை வெள்ளம் ஏறும் என்று கோடு போட்டு, அதற்குள் என்ன கட்டலாம், என்ன கட்டக்கூடாது என்று வகுக்கிற மாதிரிச் சட்ட வரைவை மத்திய அரசு 1975-லேயே எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பியது. மணிப்பூர், ராஜஸ்தான், உத்தரகாண்ட் என்று விரல்விட்டு எண்ணும்படிதான் சட்டமாக்கினார்கள். தமிழ்நாடு அதில் இல்லை. வடிகாலும் கரையும் மாநிலப் பட்டியலில் இருப்பவை. டெல்லியைக் காரணம் காட்ட வழியில்லை.

2007 சட்டத்தில் யூனியன் குளங்களையும் அவற்றின் மறுகால் ஓடைகளையும் சேர்த்து ஒரு திருத்தம் கொண்டுவர வேண்டும். எங்கள் தொகுதிப் பிரதிநிதி இதைச் சட்டமன்றத்தில் பேச வேண்டும். அதுவரைக்கும், ஒவ்வொரு குளத்துக் கரையிலும் ஒரு பலகை நடலாம்: இது யார் குளம், மறுகால் யார் பொறுப்பு, ராத்திரி பத்து மணிக்கு எடுக்கிற போன் நம்பர் எது. இதற்குச் சட்டத்திருத்தம் எதுவும் தேவையில்லை, பெயின்டரும் ஒரு டப்பா பெயின்டும் போதும்.

உடைந்த கரையை மண் போட்டு அடைத்திருக்கிறார்கள். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே அடைத்திருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை மறுகால் வரை நடந்து போய்ப் பார்த்தேன். உடைமரம் மறுபடி இடுப்பளவுக்கு வந்துவிட்டது. குழாய் இரண்டும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. ஒன்றுக்குள் பாதி மண் அடைத்துக் கிடக்கிறது.

இப்படிக்கு,
குளத்துப் பாசன விவசாயி ஒருவர்,
ஏரல் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.