நான்கையும் தடுக்கும் ஊசி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

டெங்கு தடுப்பூசி பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் இங்கே தாராவியில் கேட்பது ஒன்றுதான்: "இன்னும் ஏன் வரவில்லை?" எனக்கும் அந்த ஆதங்கம் உண்டு. போன மழைக்காலத்தில் என் மகள் டெங்குவில் கிடந்தபோது, தினமும் இரத்தத் தட்டணு எண்ணிக்கைச் சீட்டு கைக்கு வரும்வரை எனக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூட இறங்கவில்லை.

ஆனாலும் அவசரம் கூடாது என்பேன். டெங்கு போலவே கொசுவால் பரவும் மஞ்சள் காய்ச்சலுக்கு 1930-களிலேயே வீரியம் குறைத்த உயிர் வைரஸ் ஊசி கைகூடியது. டெங்கு வைரஸிலோ நான்கு வகை. ஒன்று வந்து போனவருக்கு இன்னொன்று வந்தால் சில சமயம் நோய் முற்றிவிடுகிறது. அதனால் ஊசி நான்கையும் தடுக்க வேண்டும். வைரஸ் ரொம்ப வலுவிழந்தால் உடம்பு கண்டுகொள்ளாது. வலு குறையாவிட்டால் ஊசியே காய்ச்சலைத் தரும். பிலிப்பைன்ஸில் 2016-ல் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடத் தொடங்கிய ஊசி, முன்பு டெங்கு வராதவர்களுக்கு ஆபத்தைக் கூட்டலாம் என்று தெரிந்ததும் மறு ஆண்டே நிறுத்தப்பட்டது. அந்தப் பெற்றோரின் தவிப்பு நமக்கு வேண்டாம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐசிஎம்ஆர்) பனேசியா பயோடெக் மருந்து நிறுவனமும் 2024-ல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் டெங்கு ஊசியின் மூன்றாம் கட்டச் சோதனையைத் தொடங்கின. அதன் முடிவுகளை மராத்தி, இந்தி, தமிழிலும் வெளியிட்டு, சுகாதார நிலையங்களில் ஒட்ட வேண்டும்.

அப்புறம், எங்கள் சந்தில் குழாயில் தண்ணீர் வருவது கொஞ்ச நேரம். நீல டிரம்மில் பிடித்துவைக்காமல் முடியாது; திறந்திருந்தால் அதில் டெங்குக் கொசு பெருகும். இறுக மூடும் மூடிகளையாவது மாநகராட்சி இந்த மழைக்கு முன்பே வீடுவீடாகத் தரட்டும்.

இப்படிக்கு,
தாராவி வாசகி, மும்பை