தாத்தாவின் சிக்கிமுக்கி

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது.

நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. உத்தரகாண்ட் மலையில் மழைக்குள் ஐந்து பேர், ஊறிப்போன தீப்பெட்டி, குளிரில் பற்றாத லைட்டர், விடியும்வரை நடுக்கம். ஊர் ஊராக ஆட்டு மந்தையை ஓட்டிப்போன ஒரு கீதாரியின் பேத்தி இரவெல்லாம் நெருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தாள் என்று நினைக்க நினைக்க மனசு ஆறமாட்டேன் என்கிறது. உன்மேல் குற்றமில்லை தாயி. தெரிந்ததைச் சொல்லித் தராமல் விட்டவள் நான்தான்.

முதலில் லைட்டர். அதற்குள் இருப்பது பெரும்பாலும் பூட்டேன். பூஜ்யம் டிகிரியை ஒட்டிக் குளிர் இறங்கினால் அது ஆவியாக மாறாமல் திரவமாகவே கிடக்கும். உடம்பை ஒட்டிச் சட்டைக்குள் வைத்திருந்தாலே பற்றியிருக்கும்.

எங்க அய்யா, அதுதான் உன் தாத்தா, தை அறுப்பு முடிந்ததும் சிவகங்கைப் பக்கமிருந்து ஆட்டை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர், திருவாரூர் வயல்களில் கிடை போடப் போவார், ஆட்டை ராவில் அங்கே அடைத்தால் வயலுக்கு உரம். பள்ளிக்கூட லீவில் நானும் போவேன். வெட்டவெளியில்தான் வளசை, எங்கள் தங்கல். கோடைமழை ஒரு பாட்டம் அடித்தால் தீப்பெட்டி கூழாகிவிடும். அய்யா மடியிலிருந்து தோல்பையை எடுப்பார். உள்ளே மூன்றே பொருள்: வெங்கச்சங்கல் என்கிற கெட்டி வெள்ளைக்கல், விளிம்பு கூராக உடைந்தது, பழைய அரத்தைக் கொல்லர் வளைத்துக் கொடுத்த இரும்பு, மூங்கில் குழாயில் கருக்கின இலவம் பஞ்சு.

பொறி கல்லிலிருந்து வருகிறது என்றுதான் என் வகுப்புப் பிள்ளைகளும் சொல்வார்கள். இல்லை. கல் இரும்பைவிடக் கடினம், அது இரும்பைத் தூள் தூளாகச் சீவிவிடுகிறது. அந்தத் தூள்தான் உரசின சூட்டில், காற்று பட்டதும் எரிகிறது. அதனால் எவர்சில்வர் கத்தியைத் தட்டிக் கையைப் புண்ணாக்கிக்கொள்ளாதே. அரம் மாதிரி கரிச்சத்து கூடின எஃகு வேண்டும்.

ஆனால் பொறி எளிது, அதை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். சாதாரணப் பஞ்சு வாங்காது, கருகினதுதான் வாங்கும். நான் துணியில் செய்கிறேன். பழைய பருத்தி வேட்டியைத் துண்டு போட்டு, மூடியில் ஆணித் துளை போட்ட தகர டப்பாவில் அடைத்து அடுப்பில் வைத்தால் துளை வழியே புகை வரும். புகை நின்றதும் இறக்கிவிடு. சூடு ஆறும்முன் திறந்தால் காற்று புகுந்து எல்லாம் சாம்பலாகிவிடும்.

கல்லின் விளிம்பை ஒட்டி மேலே அந்தக் கரித்துணியை வைத்துக் கட்டைவிரலால் பிடித்துக்கொள். இரும்பால் மேலிருந்து கீழே, விளிம்பைச் சீவுகிற மாதிரி அடி. பத்து அடியில் ஒரு பொறி துணியில் உட்காரும். கடுகளவு சிவப்பு, சத்தமில்லாமல் விரிந்துகொண்டே போகும். அவசரப்படாதே, அது அணையாது. தேங்காய் நாரைப் பிரித்துக் குருவிக்கூடு மாதிரி வைத்திருப்பாய், அதன் நடுவில் துணியை வைத்து மூடி, முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்து நீளமாக ஊது. மெல்லிசாக வரும் புகை கெட்டியாகும், பிறகு உள்ளங்கைக்குள் ‘குப்’பென்று பற்றும். அய்யா அந்த நேரத்தில் பேசவே மாட்டார்.

தரையில் கிடக்கும் விறகு ஈரம் குடித்திருக்கும். மரத்திலேயே காய்ந்து நிற்கும் சுள்ளியை ஒடி. ‘சடக்’கென்று ஒடிந்தால் எடு, வளைந்தால் விடு. உங்கள் மலையில் பைன் மரம் உண்டே, பிசின் ஊறின கட்டையைச் சீவிவைத்தால் ஈரத்திலும் எரியும்.

அதியமானை ஔவையார், வீட்டுக் கூரையின் இறப்பில் செருகி வைத்த ஞெலிகோலோடு, அதாவது தீக்கடைகோலோடு, ஒப்பிட்டுப் பாடியிருக்கிறார். சும்மா இருக்கும்போது அதற்குள் தீ இருப்பதே தெரியாதாம். கோலைக் கடைந்து தீ எடுத்த காலம் அது. எனக்கு அந்தப் பாட்டில் பிடித்தது வேறு: கோல் இருந்தது கூரை இறப்பில், நனையாத இடத்தில். நீயும் டப்பாவை இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பைக்கு நடுவில் வை.

ஒன்று கண்டிப்பாகச் சொல்கிறேன். 2018 மார்ச்சில் குரங்கணி மலைத்தீயில் 23 பேர் போனார்கள். மலையேறப் போன உன் வயசுப் பிள்ளைகள். பைன் சருகும் கோடையில் அப்படித்தான் பற்றும். வனத்துறை அனுமதித்த இடத்தில், சருகை விலக்கி, மண்ணில் குழி எடுத்து மூட்டு. கிளம்பும்போது தண்ணீர் ஊற்றிக் கிளறி, புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார். சூடு தெரிந்தால் இன்னொரு தடவை ஊற்று.

தாத்தாவின் கல்லையும் இரும்பையும் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பியிருக்கிறேன். டப்பாவில் இருப்பது அவர் வேட்டிதான், கடைசித் துண்டுவரை கருக்கிவிட்டேன். நாரும் நம் தோட்டத்துத் தேங்காயுடையது. வந்ததும் முதலில் ரூம் மொட்டைமாடியில் பழகிப் பார். பற்றினதும் எந்த நேரமானாலும் கூப்பிடு, முழித்துக்கொண்டிருப்பேன்.

அம்மா