முதல் நாளிலேயே சாகும் பாத்திரங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளைக் கைப்பேசியிலிருந்து மீட்க மேசை விளையாட்டுகளைப் பரிந்துரைத்துத் தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். ஆனால், ஒவ்வொருவரும் ஒரு கதைப் பாத்திரத்தை உருவாக்கி, பகடை உருட்டி ஆடும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ போன்ற விளையாட்டுகளில் புதியவர்களின் பாத்திரங்கள் சாகவே கூடாது என்ற அதன் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வரும் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் இவ்விளையாட்டை நடத்துபவன், அதாவது கதையைச் சொல்லி எதிரிகளுக்காகப் பகடை உருட்டுபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். படிவம் 2 மாணவன் ஒருவன் இரண்டு வாரம் யோசித்து ஒரு மந்திரவாதியை உருவாக்கி, அவனுக்குத் தாய், தந்தை, ஊர் எல்லாம் எழுதிக்கொண்டு வந்திருந்தான். 2014ஆம் ஆண்டு வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் விதிப்படி அந்த மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளிகள், அதாவது அவன் தாங்கக்கூடிய அடியின் அளவு, 7. முதல் சண்டையிலேயே கோப்லின் என்னும் குட்டிப் பூதம் ஒன்றுக்காக நான் உருட்டிய இருபது முகப் பகடையில் 20 விழுந்தது. 20 விழுந்தால், அடியின் அளவைத் தரும் ஆறுமுகச் சேதப் பகடை இரண்டாகும் என்பதால் இரண்டை உருட்டினேன், இரண்டிலும் 6 விழ, அதன் சுறுசுறுப்புக்கான 2 சேர்ந்து மொத்தம் 14. புள்ளிகள் சுழியமானால் மயங்கி விழுந்து, மூன்று முறை பகடையில் வென்று பிழைக்கலாம் என்பது பொதுவிதி. ஆனால் சுழியமான பிறகும் மிஞ்சும் சேதம் முழு உயிர்ப்புள்ளிக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் அக்கணமே மரணம். மிஞ்சியது சரியாக 7. வந்து அரைமணி நேரம்கூட ஆகாத அந்தப் பையன் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். அடுத்த வாரம் அவன் வரவில்லை.

பழைய ஆட்டக்காரர்கள் சிலர், ‘நாங்கள் அப்படித்தான் கற்றோம்’ என்பார்கள். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இவ்விளையாட்டை வெளியிட்ட காலத்தில் மரணம் மலிவாக இருந்தது உண்மைதான்; 1981ஆம் ஆண்டு அடிப்படை விதிகளில்கூட மந்திரவாதி நாலுமுகப் பகடை ஒன்றை உருட்டியே உயிர்ப்புள்ளி பெற்றான், சுழியத்தைத் தொட்டால் முடிந்தது. ஆனால் அன்று பாத்திரத்தின் வலிமை, அறிவு முதலான ஆறு குணங்களுக்கும் மும்மூன்று பகடைகளை உருட்டினால் சில நிமிடங்களில் அடுத்த பாத்திரம் தயார். கூலிக்கு அழைத்து வந்த காவலர்களும் கூடவே நடந்தார்கள். இரண்டு வாரம் எழுதி வளர்த்த ஒரு பாத்திரத்தின் மேல் அந்தக் காலத்துக் கடுமையை அப்படியே சுமத்துவது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

அதற்காக மரணத்தையே நீக்கிவிட்டால், பிள்ளைகள் எதையும் யோசிக்காமல் ஓடிப்போய் மோதுகிறார்கள். அதையும் சில மாதங்கள் நடத்திப் பார்த்துவிட்டேன். செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு, வெட்டிக் குவித்த மட்டைகளுக்கிடையே கால் வைக்குமுன் கோலால் தட்ட வேண்டும் என்று யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. எலியைத் தேடிப் பாம்பு வரும் இடம் அது என்று அவர்களுக்குத் தெரியும். விளையாட்டிலும் அதே போல ஆபத்துக்கு முன் அடையாளம் இருக்க வேண்டும்: வாசலில் கிடக்கும் எலும்பு, ஓடிவரும் ஊர்க்காரர், இருட்டில் கேட்கும் மூச்சு. அதைப் பார்த்தும் உள்ளே போனவன் செத்தால் அது அவன் எடுத்த முடிவு.

இப்போது முதல் இரண்டு அமர்வுகளுக்கு, 20 விழுந்தாலும் எதிரியின் சேதப் பகடையைக் கூட்டுவதில்லை என்று ஆட்டம் தொடங்குமுன்பே அறிவித்துவிடுகிறேன். அருகில் நின்று தாக்குபவர் எதிராளியைக் கொல்லாமல் மயங்கச் செய்யலாம் என்ற விதியும் இருப்பதால், என் கோப்லின்கள் வீழ்ந்தவரைப் பிணையாக இழுத்துச் சென்று மீட்புப்பணம் கேட்கின்றன. அடுத்த வாரத்துக் கதையும் அதிலேயே கிடைத்துவிடுகிறது. சிலர் சொல்வதுபோல, உயிர்ப்புள்ளியும் திறனும் கூடிய மூன்றாம் நிலையில் தொடங்கலாம்தான், ஆனால் புதியவரின் தாளில் அத்தனை திறன்களை நிரப்பினால் அவர் வாசிப்பதிலேயே களைத்துவிடுவார்.

ஒன்றை மட்டும் நான் செய்வதில்லை. மறைப்புக்குப் பின்னால் உருட்டி, விழுந்த எண்ணை மாற்றிச் சொல்வதில்லை. பிள்ளைகள் அதை விரைவில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதன் பிறகு அவர்கள் பெற்ற எந்த வெற்றியையும் அவர்களே நம்பமாட்டார்கள். தளர்த்துவதாக இருந்தால் விதியை எல்லார் முன்னிலையிலும் தளர்த்துவோம், பகடையை மேசை நடுவில் உருட்டுவோம்.

மற்ற ஊர்களில் இவ்விளையாட்டை நடத்துவோர், புதியவரின் முதல் பாத்திரம் இறந்தால் அன்றைய மீதி நேரத்தில் அவரை எப்படி ஆட்டத்திலேயே வைத்திருக்கிறார்கள் என்று இப்பகுதியில் எழுதினால் எனக்கு மிகவும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்