77ஆவது நிமிடத்தில் உறைந்த திரை

அனுப்புநர்:
ஆறு ஆண்டுச் சந்தாதாரர்,
வெஸ்ட்மீட், சிட்னி.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர்,
இணைய விளையாட்டு ஒளிபரப்புப் பிரிவு.

பொருள்: ரக்பி லீக் ஆட்டம் நடுவில் நின்றுபோனது, ஒரு மாதச் சந்தாவைத் திருப்பிக் கேட்பது, கூடவே சில மனக்குறைகள்.

ஐயா / அம்மையீர்,

இந்த விஷயமாக ஆங்கிலத்தில் மூன்று தடவை எழுதிவிட்டேன். மூன்றுக்கும் ஒரே பதில்: இணைய வேகத்தைச் சரிபாருங்கள், செயலியை அழித்து மறுபடி நிறுவுங்கள். ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. ஆகவே இந்தத் தடவை தமிழில் எழுதுகிறேன். உங்கள் இயந்திரம் திக்குமுக்காடி, கடிதத்தை மனிதர் யாரிடமாவது கொடுத்துவிடும் என்று ஒரு நப்பாசை.

நடந்தது இதுதான். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணி ஆட்டம். 77ஆவது நிமிடத்தில் எங்கள் அணி பரமட்டா ஈல்ஸ் நான்கு புள்ளி பின்னால். பந்து எங்கள் கையில், கோட்டுக்கு இருபது மீற்றர், ஐந்தாவது டக்கிளும் (பந்தோடு ஓடுபவரைப் பிடித்து மடக்குவது) முடிந்துவிட்டது, ஆறாவதோடு பந்து எதிரணிக்குப் போய்விடும். உதைப்பார்களா, ஓடுவார்களா என்று நாற்காலி நுனிக்கு வந்தபோது படம் உறைந்தது. நடுவில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. பக்கத்து வீட்டுக்காரரிடம் வேறு இணைப்பு. அங்கிருந்து சுவரைத் தாண்டி ஒரு கூச்சல் வந்தது. அதை வைத்தும் ஒன்றும் பிடிபடவில்லை. மனிதர் கன்டர்பரி என்ற இன்னொரு சிட்னி அணியின் ஆதரவாளர், நாங்கள் வென்றாலும் கத்துவார், தோற்றாலும் கத்துவார். 1986 இறுதிப்போட்டியில் இரு பக்கமும் ஒரு ட்ரைகூட (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது) வைக்காமல் 4-2 என்று அவருடைய அணியை வென்றோம் என்று நான் அடிக்கடி நினைவுபடுத்துவேன். அதற்குப் பிறகு நீங்கள் கோப்பையே தொடவில்லை என்று அவர் நினைவுபடுத்துவார்.

படம் திரும்பி வந்தபோது ஆட்டக்காரர்கள் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். தோற்றுவிட்டோம் என்று எனக்குச் சொன்னது உங்கள் செயலியின் அறிவித்தல். அது மட்டும் ஒரு நொடி பிந்தவில்லை. என் இணையத்தில் கோளாறு இல்லை. அதே நேரம் அடுத்த அறையில் மகள் தடங்கலே இல்லாமல் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

மைதானத்துக்கே போயிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். என் வீட்டிலிருந்து பரமட்டா பூங்காவுக்குள்ளால் நடந்தால் மைதானம் வந்துவிடும். 2019 இல் திறந்தது, முப்பதாயிரம் பேர் கொள்ளும், நல்ல மைதானம். அந்த ஈஸ்டர் திங்களன்று வெஸ்ட்ஸ் டைகர்ஸ் அணியை நாங்கள் 51-6 என்று உரித்தெடுத்ததை நேரில் பார்த்தவன் நான். ஆனால் வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு எப்படிப் போவது? ஈஸ்டர்ன் கிரீக்கில் ஒரு பண்டகசாலையில் எனக்கு வேலை. ஐந்தரைக்கு முடியும். வெள்ளி மாலையில் எம் 4 நெடுஞ்சாலைப் பக்கம் நீங்கள் யாராவது வந்து பார்த்ததுண்டா? வீடு வந்து சேர முதல் பாதி முக்கால்வாசி போய்விடும். மைதானத்தில் வெறும் இருக்கைகளைக் காட்டி, கூட்டம் குறைவு என்று உங்கள் வர்ணனையாளர் கவலைப்படும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆட்ட நேரத்தைக் குறிப்பதில் ஒளிபரப்புக்குக் காசு கொடுப்பவர்களின் சொல் எவ்வளவு எடுபடும் என்பது ஊரறிந்த விஷயம். 1908 இல் சிட்னியில் இந்தப் போட்டி தொடங்கியதன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். காயப்பட்டு வேலைக்குப் போகமுடியாமல் கிடந்த ஆட்டக்காரர்களுக்குப் பழைய ரக்பிச் சங்கம் நட்டஈடு கொடுக்கவில்லை என்ற கோபமும் அதற்கு ஒரு காரணம். கூலிக்காரர்களின் கோபத்தில் பிறந்த ஆட்டத்தை இப்போது கூலிக்காரன் வரமுடியாத நேரமாகப் பார்த்து வைக்கிறார்கள்.

இது இன்று தொடங்கியதும் இல்லை. இறுதிப்போட்டி முதன்முதலாக இரவில் நடந்தது 2001 இல். எங்கள் தலைவிதி, அதில் ஆடியது பரமட்டா. நான் கண்டியில் படித்தவன். ரக்பி என்றால் பதினைந்து பேர் ஆடுவது என்று நினைத்து வளர்ந்தவனை, வேலையிடத்து நண்பர் ஒருவர்தான் இந்தப் பதின்மூன்று பேர் ஆட்டத்துக்கு இழுத்துவிட்டார். சிட்னி ஹோம்புஷ் மைதானத்தில் அன்று தொண்ணூறாயிரம் பேருக்கு மேல். இடைவேளையில் எதிரணி நியூகாசில் 24-0 என்று முன்னால். அப்புறம் விழுந்தெழும்பி வந்து 30-24 என்று தோற்றோம். தோற்றதைவிட, திரும்பி வந்த ரயிலில் நீலமும் மஞ்சளும் உடுத்த சின்னப் பிள்ளைகள் தூங்கி வழிந்ததுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. பகலில் வைத்திருந்தால் அந்தப் பிள்ளைகள் இரண்டாம் பாதியை விழித்திருந்து பார்த்திருப்பார்கள்.

ஆட்டத்தின் உள்ளேயும் மனக்குறை உண்டு. டக்கிள் செய்தவர் எழும்பாமல் மேலே கிடந்தால் முன்பு தண்டனை உதை கொடுப்பார்கள், எல்லோரும் மூச்சு வாங்குவார்கள். 2020 மே 28 அன்று, கொரோனா இடைவெளிக்குப் பிறகு, அதை மாற்றி, ஆட்டத்தை நிறுத்தாமல் பந்து வைத்திருக்கும் அணிக்கு மறுபடியும் முதலிலிருந்து ஆறு டக்கிள் என்றார்கள். அந்த விதியோடு நடந்த முதல் ஆட்டத்திலேயே பிரிஸ்பனை 34-6 என்று வென்றோம். உண்மையைச் சொன்னால் அன்று நானும் கைதட்டினேன். இப்போது நடுவர் கையைச் சுழற்றுகிறார், மணி அடிக்கிறது, எதற்கென்று யாருக்கும் விளங்குவதில்லை. களைத்துப்போன அணி ஒன்றன்பின் ஒன்றாகப் புள்ளி கொடுக்கிறது. வேகம்தான் முக்கியம் என்றால், ஒரு விரல் பந்தில் பட்டதா என்று பார்க்க ஒளிப்பதிவு அறையில் உட்கார்ந்து ஏன் ஏழெட்டுத் தடவை ஓட்டிப் பார்க்கிறார்கள்? இது உங்கள் கையில் இல்லை, தெரியும். இருந்தாலும் வேகம் வேகம் என்று துள்ளுவது உங்கள் வர்ணனையாளர்கள்தான்.

உங்கள் கையில் இருப்பது சூதாட்ட விளம்பரம். 2018 இல் வந்த விதி காலை 5 மணியிலிருந்து இரவு 8.30 வரை நேரடி ஆட்டத்தில் அதைத் தடுத்தது. எட்டு மணி ஆட்டத்துக்கு அது அரை மணித்தியாலக் காவல்தான். எட்டரை தாண்டியதும் மடை திறந்துவிடும். விதி எட்டரையோடு முடிந்தால் நீங்களும் எட்டரையோடு முடிக்கவேண்டும் என்று கட்டாயமா? என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் அணியில் பின்காப்பாளராக ஆடுவது யார் என்று கேட்டால் யோசிப்பாள். ஆனால், "அப்பா, இன்றைக்கு நாங்கள் இரண்டு டொலர் நாற்பதாம்" என்று பந்தய விலையைக் கேட்காமலே சொல்கிறாள்.

2024 முதல் பருவத்தின் தொடக்க ஆட்டங்களை லாஸ் வேகாஸுக்குக் கொண்டுபோகிறார்கள். எனக்கு வேகாஸில் வேலை இல்லை. 2028 இல் பப்புவா நியூ கினி அணி இந்தப் போட்டியில் சேர்வதில் மட்டும் எனக்குச் சந்தோஷம். அந்த மக்களுக்கு இந்த ஆட்டம் உயிர்.

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். நின்றுபோன ஆட்டத்துக்காக ஒரு மாதச் சந்தாவைத் திருப்பித் தாருங்கள். இரண்டு ஆண்டில் இரண்டு தடவை கட்டணத்தை ஏற்றினீர்கள், ஏற்றிய காசுக்கு எண்பது நிமிடமாவது முழுதாகக் காட்டவேண்டாமா? சூதாட்ட விளம்பரத்தை நிறுத்திவைக்க செயலியில் ஒரு பொத்தான் வையுங்கள். இப்போதைய ஒளிபரப்பு ஒப்பந்தம் 2027 உடன் முடிகிறது. அடுத்ததற்குப் பேசப் போகும்போது, வெள்ளி ஆறு மணி ஆட்டத்தை ஞாயிறு மூன்று மணிக்கு மாற்றலாமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இணைய வேகத்தைச் சரிபார்க்கும்படி நான்காவது பதில் வந்தால் சந்தாவை நிறுத்திவிட்டு, கன்டர்பரிக்காரர் வீட்டில் போய் உட்கார்ந்து பார்ப்பேன். அந்த நிலைக்கு என்னைத் தள்ளிவிடாதீர்கள். வருகிற வெள்ளிக்கிழமையும் எங்களுக்கு ஆறு மணி ஆட்டம்தான், அதற்கு முன் பதில் கிடைத்தால் நல்லது.

இப்படிக்கு,
வெஸ்ட்மீட் சந்தாதாரர்